கம்பெனியைக் கயிறு போட்டு அளந்தோம்!

இன்று எங்கள் ஊர் கிராம சபையில்...

முதல் கேள்வியே என்னுடையதுதான்.

"வாரத்துக்கு ஒரு நாளுதான் குழாயில தண்ணி வருது. மத்த நாளெல்லாம் குடம் குடமா வெலைக்கு வாங்கியே சாகணுமா?"

ஊராட்சிச் செயலர் வழக்கமான பதிலைச் சொன்னார். "புது பைப் போட நிதி இல்லம்மா."

நிதி இல்லையாம்! ஊர் எல்லையில் இறால் பதப்படுத்தும் கம்பெனி ஒன்று கோட்டை மாதிரி நிற்கிறது. அதன் வரி விவரத்தைப் போன வாரம்தான் நாங்கள் ஐந்து பெண்கள் கேட்டு வாங்கிப் பார்த்தோம்.

அதில் என்ன எழுதியிருந்தது தெரியுமா?

ஓட்டுக் கொட்டகை! அதுவும் சின்ன அளவாம்!

(லாரி உள்ளே போய்த் திரும்பி வருகிற, ஏசி போட்ட ஓட்டுக் கொட்டகை.)

என் ஒற்றை அறைத் தையல் கடைக்குக் கான்கிரீட் கட்டடம் என்று கூடுதல் வரி வாங்குகிறார்கள்.

அன்றே அளக்கக் கிளம்பினோம். கடலில் பாசி எடுக்கிற முத்துமாரி அக்காவிடம் ஆழம் பார்க்கும் கயிறு இருந்தது. இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். ரோட்டை ஒட்டிய கட்டடச் சுவரை அப்படியே பாகம் பாகமாக அளந்தோம்.

வாட்ச்மேன் ஓடி வந்தார். "என்னக்கா பண்றீக?"

"ஒங்க கம்பெனி எம்புட்டு ஆழம்னு பாக்குறோம்ணே."

இன்று சபையில் அந்தக் கணக்கைப் பெருமையாக வாசித்தேன். செயலர் சிரித்துவிட்டார்.

"பாகமா? இதென்ன கடலாம்மா? சதுர அடியில சொல்லுங்க."

கூட்டமே சிரித்தது. எனக்கு முகம் சுண்டிப்போனது. (ஐந்து பேரில் ஒருத்திக்குக்கூட அடிக்கு மாற்றத் தோன்றவில்லை பாருங்கள்!)

முத்துமாரி அக்கா எழுந்தார்.

"எங்களுக்குத் தெரிஞ்சது பாகந்தான் சார். சதுர அடி தெரிஞ்சவுக நீங்கதான? டேப்ப எடுத்துக்கிட்டு அங்கன வாங்க. ஒரு முனைய நாங்க பிடிக்கிறோம்."

சிரிப்பு நின்றது. செயலர் தலையைச் சொறிந்தார்.

அப்போதுதான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கம்பெனி மேனேஜர் மைக்கை வாங்கினார். "எதுக்கும்மா பிரச்சனை? ஊருக்கு ஒரு தண்ணி டேங்க் நன்கொடையா கட்டித் தர்றோம். அதுல எங்க கம்பெனி பேரை மட்டும் போட்டுக்கிறோம்."

முன்வரிசை கைதட்டியது. அவ்வளவுதான், விலைபோய்விட்டோம் என்று நினைத்தேன். உண்மையிலேயே பயந்துவிட்டேன்.

அக்கா உட்காரவே இல்லை.

"நன்கொடைய கோயிலுக்குக் குடுங்க சார். ஊருக்கு வரியக் கட்டுங்க. டேங்க்ல எங்க ஊர் பேர நாங்களே எழுதிக்கிறோம்."

அதற்கு விழுந்த கைதட்டல் இருக்கிறதே! இந்த முறை பின்வரிசையில்தான் தொடங்கியது.

தீர்மானம் நிறைவேறியது. கம்பெனிக் கட்டடத்தை ஊர்மக்கள் முன்னிலையில் மறுபடி அளக்க வேண்டும், கூடுதலாக வரும் வரியில் முதல் வேலையாகக் குடிநீர்க் குழாய் போட வேண்டும். முன்வரிசைக்காரர்களும் வந்து கையெழுத்துப் போட்டார்கள்.

தண்ணீர் இன்னும் வந்துவிடவில்லை. வரும்வரை நாங்கள் ஓயப்போவதும் இல்லை. திங்கட்கிழமை காலை அளக்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வராவிட்டால் அலுவலகத்துக்கே போய்க் கூட்டிக்கொண்டு வருவோம்!

உங்கள் ஊரில் இருக்கிற பெரிய கட்டடம் எவ்வளவு வரி கட்டுகிறது என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கிறீர்களா?

இல்லையென்றால், எப்போது கேட்கப்போகிறீர்கள்?