கால் டெசிபல் சூடு

கார் நின்ற இடத்திலேயே நிற்கிறது. நான்கு கண்ணாடிகளும் ஏற்றியாகிவிட்டது. உள்ளே என் தங்கை வீட்டுக்காரர் கண்ணை மூடி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஒரே பாட்டின் ஒரே பதினொரு விநாடியை இருபத்தாறாவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். பின்னால் பக்கத்து வீட்டுக்காரர் தன் வண்டியை எடுக்க வழியில்லாமல் ஹாரன் அடிக்கிறார். மாப்பிள்ளை மெதுவாகக் கண்ணைத் திறந்து, "அந்த ஹாரன் நடுவுல ரொம்பத் துருத்திக்கிட்டு இருக்கு மச்சான், கொஞ்சம் மழிக்கணும்" என்கிறார். காரை நகர்த்த வேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை.

பிறர் துண்டுதுண்டாகப் பதிவுசெய்து கொண்டுவரும் குரலையும் வாத்தியங்களையும் கலந்து, மெருகேற்றி, ஒரு முழுப் பாட்டாக்கித் தருவது அவருடைய தொழில். மிக்ஸிங், மாஸ்டரிங் என்பார்கள். வீட்டு மாடியில் அதற்கென்று ஓர் அறை. சுவரெல்லாம் கறுப்பு ஸ்பாஞ்சு. ஜன்னலை அடைத்து நிற்கிற இரட்டை மெத்தை கல்யாணத்துக்கு நாங்கள் வாங்கிக் கொடுத்தது. வெளிச்சத்தம் உள்ளே வரக்கூடாதாம். தம்பதியர் கீழே பாயில் படுக்கிறார்கள்.

பாட்டுக்காரர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் சூடு சார். எந்தப் பாட்டைக் கொடுத்தாலும் முதலில் அவர் சொல்வது, "எல்லாம் இருக்கு, சூடு இல்ல." விஷயம் இதுதான். அந்தக் காலத்து டேப் மெஷின்களிலும் வால்வு ரேடியோக்களிலும் பாட்டோடு கொஞ்சம் கரகரப்பும் சேர்ந்து வரும். அது காதுக்கு இதமாக இருந்தது. கம்ப்யூட்டர் வந்து எல்லாவற்றையும் சுத்தமாக்கிவிட்டது. இப்போது அந்தக் கரகரப்பைத் திரும்பக் கொண்டுவருவதற்குத் தனியாக மென்பொருள் விற்கிறார்கள், ப்ளகின் என்று பெயர். துவைத்துத் தேய்த்த சட்டையில் அளந்து கறை வைக்கிற வேலை. கறையில் எத்தனை ரகம் உண்டோ அத்தனை ரகத்தையும் மாப்பிள்ளை வாங்கிவைத்திருக்கிறார், மொத்தம் அறுபத்தொன்று.

ஒவ்வொன்றும் திரையில் ஒரு பழைய இரும்புப் பெட்டியின் படமாகத் திறக்கும். குமிழ், முள், திருகாணி, துரு எல்லாம் தத்ரூபமாக வரைந்திருப்பார்கள். ஒன்றில் தூசிகூட உண்டு. அந்தத் தூசியை அவர் கைக்குட்டையால் துடைத்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். எந்தப் பெட்டி எப்படிக் கேட்கிறது என்று குறித்துவைக்க ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. ஒருநாள் அவர் கீழே போன நேரத்தில் புரட்டினேன். 'தேன். ஆனால் பழைய தேன்.' 'மழைக்கு முந்தைய மதியம்.' 'நல்லவன், ஆனால் நம்ப முடியாது.' பெண்ணுக்கு வரன் பார்க்கிறவர்கள்கூட இவ்வளவு எழுதமாட்டார்கள்.

சரியான ப்ளகினைத் தேர்ந்தெடுக்க நல்ல காது வேண்டும் என்பார். நல்ல காது எப்படி வரும் என்றால், நாலு நல்ல ப்ளகினோடு பழகினால் வரும் என்பார். கல்யாணம் ஆகாமல் பைத்தியம் தெளியாது, பைத்தியம் தெளியாமல் கல்யாணம் ஆகாது என்கிற கதை.

சூடு போட்டு முடிந்ததும் சத்தம். பாட்டில் எழும்பி நிற்கிற இடத்தையெல்லாம் தலையில் தட்டி உட்காரவைத்து, மொத்தத்தையும் தூக்கிக் கொடுக்க லிமிட்டர் என்றொரு ஜாதி ப்ளகின் இருக்கிறது. அதில் பதினேழு. எல்லாப் பாட்டுக்காரர்களும் கேட்பது ஒன்றுதான்: அடுத்தவன் பாட்டைவிட நம் பாட்டு சத்தமாக இருக்கவேண்டும். அடுத்தவனுடையதைச் செய்து கொடுத்தவரும் இவர்தான் என்பதால், தன்னைத் தானே ஜெயிக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு. போன மாதம் ஒரு காதல் பாட்டைக் கேட்கவைத்தார். காதலன் கெஞ்சுவதும் டிரம் உடைவதும் ஒரே உயரத்தில் இருந்தன. திரையில் அலைகளைக் காணோம், நீளமாக ஒரு செங்கல் கிடந்தது. "கேக்குதா மச்சான்?" என்றார். அவர் எதையாவது போட்டுக் காட்டி அப்படிக் கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்லவேண்டும். இல்லை என்பவர்களுக்குக் காது பழகவில்லை. பத்து வருடமாக நானும் ஆமாம் சொல்லி என் காதில் பூச்சுற்ற இடம் கொடுத்துவருகிறேன்.

இனி என் தங்கை. அவள் ஓர் ஆஸ்பத்திரியின் வரவேற்பில் மைக்கில் டோக்கன் எண் கூப்பிடுகிறாள். அவளுடைய குரலைக் கேட்டுத்தான் இந்த மனிதர் அவளைப் பெண் கேட்டு வந்தார். பிள்ளை பிறந்த ஆறாவது மாதம் அவளே ஒரு தாலாட்டு எழுதி, மெட்டும் போட்டு, அதே மாடி அறையில் ஒரு கிடாரை மட்டும் வைத்துக்கொண்டு பாடினாள். ஒரே வாரத்தில் முடித்துத் தருகிறேன் என்றார் அவர். பிள்ளை இப்போது மூன்றாம் வகுப்பு. தாலாட்டுக்குச் சூடு போதவில்லை என்று அது இன்னும் முடியவில்லை. ஊரார் பாட்டெல்லாம் செங்கல்லாகி வெளியே போயிற்று. பெண்டாட்டி பாட்டு மட்டும் கைபடக் கைபடக் கிடக்கிறது. எனக்கு அவர்மேல் உண்மையான கோபம் உண்டென்றால் அது இந்த ஒரு விஷயத்தில்தான்.

இரண்டு வாரத்துக்கு முன் பொம்மலாட்டக் குழு நடத்துகிற ஓர் அம்மாள் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார். தன் எண்ணைக் கூப்பிட்ட பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்து அந்தக் குரலையே கேட்டிருக்கிறார். பிறகு கவுண்டருக்கு வந்து, நீ பாடுவியா என்று தங்கையைக் கேட்டிருக்கிறார். புது ஆட்டத்துக்கு ஒரு தாலாட்டு வேண்டுமாம். இன்னும் நாலு பேர் அனுப்புகிறார்களாம். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வந்தால் கேட்பாராம், பிறகு கேட்கமாட்டாராம். அன்று தங்கை எனக்குப் போன் செய்து இதைச் சொன்னபோது, எட்டு வருடத்துக்குப் பிறகு அவள் குரலில் எண்களைத் தவிர வேறு ஏதோ இருந்தது.

மாப்பிள்ளைக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லக்கூடாது. அன்றைக்கே அறுபத்தொரு பெட்டியையும் திறந்து உட்கார்ந்துவிட்டார். ஒரு வாரத்தில் பன்னிரண்டாகக் குறைத்தார். வியாழக்கிழமை இரண்டு. வெள்ளிக்கிழமை தங்கை அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு என்னையும் வரச்சொன்னாள். சாட்சிக்கு என்று நினைக்கிறேன்.

மூன்று மணிக்கு இரண்டையும் போட்டுக் காட்டினார். முதலாவது மர வாசனை, இரண்டாவது மாலை வெயில் என்றார். நான் வழக்கம்போல் இரண்டுக்கும் ஆமாம் சொன்னேன். தங்கை கதவில் சாய்ந்து கேட்டுவிட்டு, "ரெண்டாவது சத்தமா இருக்கு. அவ்வளவுதான்" என்றாள். நாளெல்லாம் மைக்கோடு குடித்தனம் நடத்துகிறவள், அவளுக்குத் தெரியாதா?

அவருக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. சூடே இல்லாத வெறும் குரலைக் கேட்டால்தான் உங்களுக்கெல்லாம் அருமை புரியும் என்றார். திரையின் மூலையில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் சிவப்பாக எரியும், எல்லா ப்ளகினும் ஒரே நேரத்தில் ஒதுங்கிக்கொள்ளும். அதை அழுத்தினார். வெறும் குரல் சன்னமாக வருமே என்று ஸ்பீக்கரையும் அவரே கொஞ்சம் ஏற்றிவைத்தார். அந்த நேரம் பார்த்து செங்கல் பாட்டுக்காரரிடமிருந்து போன். இன்னும் கொஞ்சம் சத்தம் வேண்டுமாம். படியில் நின்று இருபது நிமிடம் வாதாடிவிட்டு, வந்த வேகத்தில் மாலை வெயிலின் குமிழைப் பிடித்தார். தங்கை கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கீழே போய்விட்டாள்.

ஒரு மணி நேரம். அரை டெசிபல் ஏற்றுவார், உதட்டைப் பிதுக்குவார், இறக்குவார். "இப்ப மூக்குல கேக்குது... இப்ப நெஞ்சுக்கு இறங்குது பாருங்க மச்சான்..." பாருங்கள் என்றால் நானும் பார்த்தேன். மயிரிழை மயிரிழையாகத் திருப்பிக்கொண்டே போனவர் சட்டென்று நிறுத்தினார். முகம் மாறியது. தங்கையைக் கூப்பிட்டார்.

அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். பாட்டு ஓடியது. எனக்கு இசை தெரியாது, ஆனால் எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆறு மாதப் பிள்ளையைத் தூங்கவைத்துத் தானும் தூங்க ஏங்குகிற ஒரு பெண் அந்த அறைக்குள் இருந்தாள். அடிக்கு அடி அவள் மூச்சு வாங்குவது கேட்டது. ஓரிடத்தில் குரல் லேசாகத் தழுதழுத்து, தானே சமாளித்துக்கொண்டது.

"நானா இது?" என்றாள் தங்கை.

மாப்பிள்ளையின் கண்ணில் நிஜமாகவே தண்ணீர். "இதுதான் சூடு" என்றார். "எட்டு வருஷமா தேடுனது. கால் டெசிபல்ல ஒளிஞ்சிருந்துச்சு பாரு."

மணி நாலு நாற்பது. கோப்பாக்கி அனுப்ப மூலைக்கு மவுஸ் அம்பைக் கொண்டுபோனவர் அப்படியே நின்றார். பொத்தான் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. போன் வந்ததிலிருந்தே எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. மூக்கு, நெஞ்சு, கால் டெசிபல் எதுவுமே பாட்டைத் தொடவில்லை. நாங்கள் கேட்டது எட்டு வருடத்துக்கு முன் அவள் பாடிவைத்துவிட்டுப் போன அதே குரல்.

மூவரும் அந்தச் சிவப்பைப் பார்த்தோம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்று நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கினேன். அத்தோடு விட்டிருந்தால் அவர் என் மாப்பிள்ளை இல்லையே. ஒரு நிமிடம் பொறுத்து, அம்பு அந்தப் பொத்தானை நோக்கி மெல்ல ஊர்ந்தது, சூட்டைத் திரும்பக் கொண்டுவர.

"தொடாதீங்க" என்றாள் தங்கை. சத்தம் போடவில்லை. டோக்கன் நாற்பத்தேழு என்று கூப்பிடுகிற அதே குரல்.

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் குனிந்து அவர் கையிலிருந்த மவுஸை வாங்கி, கோப்பை உண்டாக்கி, பொம்மலாட்ட அம்மாளின் முகவரியை எழுத்தெழுத்தாக அடிக்கத் தொடங்கினாள். மாப்பிள்ளையின் விரல்கள் மேசை விளிம்பில் இல்லாத ஒரு குமிழைத் திருப்பின. பிறகு அவர் இரண்டு கைகளையும் மேசையிலிருந்து எடுத்து, தொடைக்கு அடியில் செருகி, அவற்றின்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.