நாற்பத்தெட்டு எண்கள்

போன சனிக்கிழமை மத்தியானம் என் லாப்டாப் செத்துப் போனது. காரணம், என்னைக் கட்டிக்கொண்ட வீட்டுக்காரர்.

கோபத்தில் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

லாப்டாப்பில் வைஃபை கார்டு கெட்டுவிட்டது. சின்னச் சாமான்தான். புதிதாக ஒன்று வாங்கி வந்து மாட்டினார். மாட்டிவிட்டு ஆன் செய்தால்... 'இந்த கார்டுக்கு அனுமதி இல்லை' என்று ஒரு வரி. அதோடு நின்றுவிட்டது. என் லாப்டாப், என் கார்டு, பினாங்கு டத்தோ கிராமாட்டில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசை. அனுமதி இல்லை என்று சொல்ல இது யார்?

விஷயம் இதுதான். விண்டோஸ் வருவதற்கு முன்பே மெஷினை எழுப்பிவிடுகிற குட்டி புரோகிராம் ஒன்று உள்ளே ஒரு சிப்பில் இருக்கிறது. ஃபர்ம்வேர் என்கிறார்கள். எந்தெந்த கார்டைச் சேர்க்கலாம் என்ற பட்டியலைத் தயாரித்தவர்களே அதற்குள் எழுதி வைத்திருக்கிறார்கள். பட்டியலில் இல்லாததை மாட்டினால் முறைத்துக்கொள்ளும். இதற்கும் இன்டர்நெட்டில் மருந்து உண்டு. முகம் தெரியாத ஒரு மகராசன் அந்த புரோகிராமைத் திறந்து, பட்டியலை வெட்டி எறிந்துவிட்டு, திருத்திய ஃபர்ம்வேரை ஊருக்கெல்லாம் இலவசமாக வைத்திருந்தான். வீட்டுக்காரர் அதைக் கண்டுபிடித்து ஒரு பென் டிரைவில் போட்டுக்கொண்டு வந்தார்.

"தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டேன். கேட்டேன், சாட்சி இருக்கிறது.

"இருபத்தாறு வருஷம் சிப்பு பார்த்த கை லா இது" என்றார்.

பினாங்கில் வீட்டுக்கு ஒருவர் இப்படி இருப்பார். ஃபேக்டரியில் வேலை பார்த்திருப்பார். அந்த ஒரு தகுதியில் சொந்தக்காரர்கள் வீட்டு டிவி, ஃபேன், ரைஸ் குக்கர் எல்லாவற்றையும் கழற்றும் உரிமை அவருக்கு வந்துவிடும். எங்கள் வீட்டுக்காரர் டெஸ்டிங் பிரிவில் இருந்தவர். பச்சை விளக்கு எரிந்தால் நல்ல சிப்பு, சிவப்பு எரிந்தால் கெட்ட சிப்பு. இருபத்தாறு வருடமும் விளக்கைத்தான் பார்த்திருக்கிறார். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் தலையை ஆட்டினேன். எனக்கு அவ்வளவு அவசரம்.

திரையில் நீலக் கோடு நூறு வரைக்கும் ஓடியது. ரீஸ்டார்ட் ஆனது. அப்புறம் கறுப்பு. உள்ளே ஃபேன் மட்டும் சுற்றுகிறது, ஒரு விளக்கு கண் சிமிட்டுகிறது, வேறு அசைவே இல்லை. கொஞ்சம் பொறு என்றார். அரை மணி நேரம் பொறுத்தேன். பிறகு போனை எடுத்துப் பார்த்துவிட்டு, ரொம்ப மெல்லிய குரலில் சொன்னார்... அந்த ஃபைல் இதே பெயருள்ள அடுத்த வருட மாடலுக்கு உரியதாம்.

அந்த லாப்டாப்புக்குள் என் புத்தகம் இருந்தது.

பதினோரு வருடமாக, வாரா வாரம், பத்திரிகையின் இதே மூலையில் உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன். அதில் நூறு பத்திகளைப் பொறுக்கி 'நூறு வாரம்' என்று ஒரு புத்தகம். பத்திரிகை ஆபீஸ் இடம் மாறியபோது பழைய ஃபைல்கள் எல்லாம் காணாமல் போய்விட்டன. வீட்டில் நான் வெட்டி வைத்திருந்த தாள்களைப் பார்த்து, எட்டு மாதம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக டைப் செய்தேன். முடித்த சந்தோஷத்தில் என்ன செய்தேன் தெரியுமா? 'சூராட் காபார் லாமா' என்று மைக்கில் கத்திக்கொண்டு வரும் பழைய பேப்பர் லாரியில் அத்தனை தாளையும் தூக்கிப் போட்டேன். வீடு சுத்தமாயிற்று என்று பெருமை வேறு. அட்டை அச்சாகிவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் ஃபைல் அச்சகத்துக்குப் போக வேண்டும். உலகத்தில் அதற்கு ஒரே ஒரு பிரதி. அது அந்தக் கறுப்புத் திரைக்குப் பின்னால்.

திங்கட்கிழமை லெட்சுமி அக்காவிடம் கொண்டு போனோம். குவீன் ஸ்ட்ரீட்டில் ஒரு சேலைக் கடைக்கு மேல்மாடியில் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். அவரும் அதே ஃபேக்டரிதான். ஆனால் மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் முடி அளவு கம்பியை ஈயம் வைத்து ஒட்டுகிற பிரிவு. லாப்டாப்பைப் பார்த்தார். வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"டெஸ்டிங்ல இருந்தவருக்கு ஏண்ணே இந்த வேலை?" என்றார்.

வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகத் தெருவை ரொம்ப அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தார்.

என்னிடம் அக்கா கேட்ட கேள்வி இன்னும் மோசம். வைஃபை இல்லையென்றால் என்ன, ஃபர்ம்வேர் கொண்டு வந்த அந்த பென் டிரைவிலேயே புத்தகத்தைப் போட்டு அச்சகத்தில் கொடுத்திருக்கலாமே என்றார். நானும் ஜன்னலுக்குப் போய் நின்றேன்.

அக்கா அடிமூடியைக் கழற்றி, உளுந்து அளவு சிப்பு ஒன்றில் ஒரு கிளிப்பைக் கவ்வ விட்டார். அதன் வயரைத் தன் கம்ப்யூட்டரில் சொருகி, தயாரிப்பாளரின் அசல் ஃபர்ம்வேரைத் தேடி எடுத்து, அந்தச் சிப்பில் திரும்ப எழுதினார். கால் மணி நேரம். பட்டனை அமுக்கியதும் திரையில் வெளிச்சம் வந்தது பாருங்கள்... அக்காவைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

கட்டிப் பிடித்த கையை எடுப்பதற்குள் இன்னொரு திரை வந்தது. நீலம். நாற்பத்தெட்டு எண்கள் கொண்ட சாவியைக் கொடு என்றது.

அக்கா விளக்கினார். உள் புரோகிராம் மாறியதால் லாப்டாப்புக்குச் சந்தேகம் வந்துவிட்டது. யாரோ திருடன் கையில் சிக்கிவிட்டோம் என்று நினைத்து டிஸ்கைப் பூட்டிக்கொண்டது. முதன்முதலில் இதை செட் செய்தவரின் கணக்கில் அந்தச் சாவி இருக்கும். அது இல்லாமல் யாராலும் திறக்க முடியாது, தன்னாலும் முடியாது.

"யாரு செட் பண்ணிக் கொடுத்தா?" என்றார்.

எங்கள் அண்ணன்.

அண்ணன் நிபோங் திபாலில் இருக்கிறார். செம்பனை எண்ணெய் ஆலையின் ஆபீஸில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவர். பாலத்தைத் தாண்டினால் முக்கால் மணி நேரம்தான். மூன்று வருடமாக அவரும் இந்தப் பக்கம் வரவில்லை, நானும் போகவில்லை. சண்டையெல்லாம் இல்லை. நான் அவரைப் பற்றி இந்தப் பத்தியில் எழுதினேன்.

பழைய வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். அண்ணன் மகளின் கல்யாண விருந்து. அண்ணன் மேடையில் ஏறி நன்றி சொல்ல வேண்டும். சின்ன வயதில் அவருக்குத் திக்குவாய். பள்ளிக்கூடத்தில் அதற்காக அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும், பக்கத்து வகுப்பில்தான் இருந்தேன். பெரியவரானதும் அது அடங்கிவிட்டது. அன்றைக்கு மைக்கைப் பிடித்ததும் திரும்பி வந்துவிட்டது. முதல் வார்த்தையிலேயே நின்றுபோனார். நான் அடுத்த வாரமே அதை எழுதினேன். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். எனக்கு அவ்வளவு கடிதம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு அண்ணனிடமிருந்து போன் வரவில்லை. அவருக்கு ஜோக் புரியவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

தெரியாமல் எழுதவில்லை. தெரிந்தேதான் எழுதினேன்.

கடையிலிருந்தே போன் செய்தேன். மூன்றாவது மணியில் எடுத்தார்.

"அண்ணே, நான் ரீத்தா பேசறேன்."

"தெரியுது. ஒன் நம்பர அழிக்கல."

விஷயத்தைச் சொன்னேன். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை. திரையில் மேலே இருக்கும் அடையாள எண்ணைப் படிக்கச் சொன்னார், தன் கணக்கில் தேடினார், இருக்கிறது என்றார். எனக்கு உயிர் வந்தது. அவருக்குச் சிரமம் கொடுக்கக் கூடாதே என்று நல்ல மனதோடுதான் சொன்னேன், வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள் என்று. சொன்ன பிறகுதான் அது அவர் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று உறைத்தது.

"வேணாம். நான் சொல்றேன், நீ எழுது" என்றார்.

ஆறு ஆறாக எட்டு வரிசை. முதல் வரிசை தடங்கலில்லாமல் வந்தது. இரண்டாவதில் நின்றார். ஏழு என்ற எண்ணில் நின்றார். அந்த இடத்தை இங்கே எழுத்தில் இழுத்துக் காட்டப் போவதில்லை. ஒரு தடவை காட்டியதே போதும். கீழே தெருவில் கடைக்காரர்கள் போட்டுவிட்ட பாட்டு அலறிக்கொண்டிருந்தது. போனில் அண்ணன் மூச்சு மட்டும் கேட்டது. நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். ஏழு வந்தது. எழுதினேன். அந்தச் சாவியில் எத்தனை ஏழு என்கிறீர்கள்! ஒவ்வொன்றுக்கும் காத்திருந்தேன். லெட்சுமி அக்கா கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

ஏழு வரிசை முடிந்தது. எட்டாவதற்கு முன் அண்ணன் கேட்டார், அப்படி என்ன இருக்கிறது அதில் என்று.

ஆபீஸ் கணக்கு என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. புத்தகம் என்றேன். பழைய பத்திகள் என்றேன்.

"அதுவும் இருக்கா?"

"இருக்குண்ணே. அதுதான் முதல்ல இருக்கு."

வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். வைத்திருந்தால் குறை சொல்ல எனக்கு வாய் ஏது? எட்டு மாத உழைப்பு ஆறு எண்ணில் தொங்கிக்கொண்டிருந்தது. அப்போது அண்ணன் நிதானமாகப் பேச ஆரம்பித்தார்.

"'முப்பது வருஷம் கராஜில் கிடந்த கெரேத்தாவை மண்டபத்தில் இருந்த ஐந்நூறு பேரும் சேர்ந்து தள்ளினார்கள். இருமியது, உறுமியது, எங்கள் அண்ணன் மட்டும் ஸ்டார்ட் ஆகவே இல்லை.'"

நான் எழுதியது. ஒரு சொல் மாறவில்லை. ஒரு இடத்தில்கூட அவர் திக்கவில்லை.

ஆடிப் போய்விட்டேன். எத்தனை தடவை சொல்லிப் பார்த்திருந்தால் ஒரு திக்குவாய்க்காரருக்கு ஒரு வாக்கியம் அவ்வளவு சரளமாக வரும்? அந்த வாக்கியத்தை எழுதிய நாள் என் கைகளை நானே மெச்சிக்கொண்டது ஞாபகம் வந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. கடையில், வீட்டுக்காரர் முன்னால், அக்கா முன்னால் அழுதேன்.

"கடைசி ஆறு. எழுதிக்க" என்றார் அண்ணன். சொன்னார். அதிலும் இரண்டு ஏழு. அக்கா எல்லாவற்றையும் லாப்டாப்பில் தட்டினார். அந்தப் பத்தியை எடுத்துவிடு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. திறந்ததா என்று கேட்டார். திறந்தது என்றேன். சரி என்று வைத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை பாலம் தாண்டிப் போனேன். அங்கே பேசியது எங்கள் இரண்டு பேருக்குள் இருக்கட்டும். இந்த வாரப் பத்தியில் இதற்கு மேலே உள்ளதை அவருக்கு முழுதாக வாசித்துக் காட்டி, போடலாமா என்று கேட்டேன். பதினோரு வருடத்தில் ஒருவரிடம் அனுமதி கேட்டது இதுதான் முதல் தடவை. போடு என்றார். ஒரே ஒரு திருத்தம் சொன்னார். மண்டபத்தில் இருந்தது ஐந்நூறு பேர் இல்லையாம், முந்நூறு பேர்தானாம்.

புத்தகம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போய்விட்டது. அட்டையில் 'நூறு வாரம்' என்று இருக்கும். உள்ளே எண்ணினால் தொண்ணூற்றொன்பதுதான் — அச்சகத்தைத் திட்டாதீர்கள்.