பூட்டு இல்லாத பம்ப் பாட்டில்

மைசூரில் வீட்டிலேயே சோற்றுக்கற்றாழை லோஷன் தயாரித்து விற்கிறேன். போன வருடம், என் பெயரைப் பொன்னிறத்தில் அச்சிட்ட பம்ப் பாட்டில்கள் வாங்கினேன். அழகைப் பார்த்தேனே தவிர, பம்ப்பைத் திருகிப் பூட்ட முடியுமா என்று பார்க்கவில்லை.

அந்தச் சமயம் மார்டள்ளியிலிருந்து என் நாத்தனார் செல்வி, மகளின் நிச்சயதார்த்தத்துக்குப் பட்டுச்சேலை எடுக்க வந்திருந்தாள். அவள் கிளம்பும்போது, "இது கல்யாணப் பொண்ணுக்கு" என்று ஒரு பாட்டிலை நானே சேலைப் பையில் வைத்தேன்.

ஊர் போய்ச் சேர்ந்ததும் போன் செய்தாள். பஸ் நெரிசலில் பம்ப் அழுந்தி, லோஷன் முழுவதும் சேலையில் கொட்டியிருந்தது.

"பாட்டில்ல உங்க பேரு பளபளன்னு இருக்குதுங்க அண்ணி. சேலைதான் போச்சு" என்றாள். திட்டியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும்.

துவைத்தும் எண்ணெய்க் கறை போகவில்லை. வேறு எடுக்க நேரமும் இல்லை. நிச்சயதார்த்தத்தன்று அந்தப் பெண் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய சேலையைக் கட்டிக்கொண்டு நின்றாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இப்போது பூட்டும் பம்ப் பாட்டில்களையே வாங்குகிறேன். புதிதாக வந்தவற்றில் ஒன்றை நிரப்பி, துண்டில் சுற்றிப் பைக்குள் படுக்க வைத்து, நஞ்சன்கூடு வரை பஸ்ஸில் போய் வருகிறேன். துண்டு நனையாவிட்டால்தான் மற்றவற்றை நிரப்புவேன்.

செல்வி இன்றும் என்னிடம்தான் லோஷன் வாங்குகிறாள். ஆனால் பையில் வைப்பதில்லை; கையில் பிடித்தபடியே பஸ் ஏறுகிறாள்.