வாடகைக்கு என்று சொல்லிக் காட்டிய வீடு

மம்சாபுரத்தில் வீட்டுத் தரகு பார்த்த நாட்களில் என் பையில் எப்போதும் ஒரு வாக்காளர் பட்டியல் இருக்கும். அறுபது தாண்டிய ஒரே ஆள் மட்டும் இருக்கிற வீடுகளைத் தேடிப் பேனாவால் வட்டம் போடுவேன். பிள்ளைகள் திருப்பூரிலோ கோயம்புத்தூரிலோ இருப்பார்கள். போன் நம்பர் வாங்கி, "வீட்டுக்கு நல்ல விலை வருது" என்று சொல்லிவைப்பேன். துக்க வீட்டுக்குப் போனாலும் என் கண் சுவரைத்தான் அளக்கும்.

அப்படி வட்டம் போட்டவர்களில் ஒருவர் ராஜபாளையத்தில் மில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து இரண்டு வருடம். அவர் தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. திருப்பூரிலிருந்த ஒரே மகன் விற்கச் சம்மதித்தான்.

"அப்பாகிட்ட இப்பச் சொல்லாதீங்க. ஆள் வந்து பாக்கட்டும். பொறவு நான் பேசிக்கிடுதேன்" என்றான்.

நான் அவரிடம் போய், "முன்பக்கத்தை வாடகைக்குக் கேட்டு ஒரு குடும்பம் வருது அண்ணாச்சி" என்றேன்.

"பிள்ளைக இருக்கா?"

"ரெண்டு" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"இந்தத் தெருவுல பிள்ளைச் சத்தம் கேட்டு எம்புட்டு நாளாச்சு!"

மறுநாள் வாங்குகிறவரோடு போனபோது முன்னறை கழுவித் துடைத்திருந்தது. குழந்தைகள் விரல் விட்டுவிடக் கூடாதென்று தரையோரத்து பிளக் ஓட்டைகளில் டேப் ஒட்டியிருந்தார். வந்தவர் ஸ்ரீவில்லிபுத்தூர் வியாபாரி. சுவரைத் தட்டிப் பார்த்தார், அண்ணாச்சி கொடுத்த காப்பியைக் குடித்தார், அவர் நிற்கும்போதே என்னிடம், "இவரு எப்பக் காலி பண்ணுவாரு?" என்றார்.

"நீங்க வாடகைக்குத்தான வந்தீக?" என்றார் அண்ணாச்சி.

வியாபாரி சிரித்துவிட்டார். நானும் சேர்ந்து சிரித்தேன். அண்ணாச்சி டம்ளர்களை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். நாங்கள் கிளம்பும்வரை கழுவிக்கொண்டே இருந்தார்.

"இனிமே எங்ககூட இருங்கப்பா" என்று சொல்லித்தான் மகன் அவரைப் பத்திர ஆபீசுக்குக் கூட்டிவந்தான். மில்லில் தேய்ந்த விரல் ரேகையை மெஷின் எடுக்கவில்லை. மூன்று தடவை தவறியது. நான்காவது தடவை மகன் அவர் விரலைப் பிடித்து அழுத்தினான். நகம் வெளுத்தது. பதிவாகிவிட்டது.

மகன் வீட்டில் அவர் நான்கு மாதம் இருந்தார். பிறகு முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டார்கள். வியாபாரியும் குடிவரவில்லை. விலை ஏறட்டும் என்று பூட்டிப்போட்டுச் சாவியை என்னிடம் கொடுத்திருந்தார்.

ஒருநாள் மத்தியானம் அண்ணாச்சி தனியாக பஸ் ஏறி வந்துவிட்டார். செய்தி கேட்டு ஓடினேன். பூட்டிய கதவின் முன்னால் நின்றிருந்தார்.

"செத்த நேரம் உள்ள உக்காந்துட்டுப் போறேன் தம்பி. சாவி உன்கிட்ட இருக்கா?"

என் சட்டைப்பையில்தான் இருந்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார் என்று பயந்தேன். மறுநாள் வேறொரு ஆளுக்கு வீட்டைக் காட்ட வேண்டியிருந்தது.

"வாங்கினவுக சாவியக் கொண்டு போயிட்டாக அண்ணாச்சி" என்றேன்.

அவர் படியில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். கடையில் வாங்கிக் கொடுத்தேன். நாலு மணி பஸ்ஸில் நானே ஏற்றிவிட்டேன். பஸ் திருப்பத்தைத் தாண்டியதும் திரும்பி வந்து கதவைத் திறந்து ஒட்டடை அடித்தேன்.