நிறுத்தப் பழகிய ஜெசிந்தா மிஸ்

மருந்தறையைத் திறந்துகொண்டிருந்தபோது ஜெசிந்தா மிஸ்ஸின் கணவர் சாமுவேல் அண்ணனின் அழைப்பு வந்தது. "தம்பி, ஜெசிந்தா விடியக்காலையில போயிட்டா. நித்திரையிலதான்." மாதக்கணக்கில் நோயோடு இருந்தவர், எதிர்பார்த்த செய்திதான். ஆனாலும் திறந்த கதவை மறுபடி சாத்தினேன்.

குருக்கள்மடத்தில் எங்கள் சிகிச்சை நிலையத்தில் பிரசவம் பார்க்கும் மருத்துவமாது ஜெசிந்தா மிஸ். அங்கே மருந்து கொடுப்பவன் நான், காத்தான்குடியிலிருந்து வருகிறவன். எதைக் கண்டாலும் "அது ஏன் அப்படி?" என்று கேட்காமல் மிஸ்ஸால் இருக்க முடியாது.

கர்ப்பிணிகளின் வீடுகளுக்குச் சாமுவேல் அண்ணன்தான் அவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் செல்வார். பெற்றோல் கிடைக்காமல் போன காலத்தில், ஐம்பதைத் தாண்டிய மிஸ் சைக்கிள் பழகினார். ஓட்டம் சீக்கிரமே வந்துவிட்டது. நிறுத்தம்தான் வரவில்லை. ஒருநாள் ஒழுங்கையிலிருந்து கல்முனை வீதிக்கு வந்தவர், நிற்க முடியாமல் ஒரு பஸ்ஸுக்கும் ஒரு வான் வண்டிக்கும் நடுவே புகுந்து, எதிர்ப்பக்கத்து வத்தகப்பழக் குவியலில் போய் விழுந்தார்.

"பிரேக் பிடிக்கல்லையா மிஸ்?" என்று மறுநாள் கேட்டேன்.

"பிரேக் இருக்கிற ஞாபகமே வரல்ல தம்பி. காலத்தான் ஊண்டினன். கை இருக்க, கால் ஏன் முந்திச்சு?"

சாமுவேல் அண்ணன் சைக்கிளைப் பூட்டி வைத்துவிட்டார். "நடந்து போனா எத்தின வீடு பார்க்கலாம்? மத்தப் புள்ளத்தாச்சிமார ஆர் பார்க்கிற?" என்று கேட்டுப் பூட்டின் திறப்பை வாங்கிவிட்டார் மிஸ். ஆனால் சந்தி தூரத்தில் தெரியும்போதே காலைத் தேய்த்து இறங்கி உருட்டத் தொடங்குவார். அந்தப் பயம் அவருக்கே பிடிக்கவில்லை.

"நீங்க எப்படி நிப்பாட்டுறீங்க?" என்று என்னிடம் கேட்டார். சிறுவயது முதல் ஓட்டுகிற எனக்குப் பதில் தெரியவில்லை. கிளினிக் முடிந்ததும் பின்வளவில் நான் ஓட்டிக் காட்ட, அவர் குந்தியிருந்து என் கைகளையும் கால்களையும் பார்த்தார். இரண்டு பிரேக்கையும் ஒன்றாக, மெல்ல மெல்ல இறுக்க வேண்டும். உடம்பு முன்னுக்குச் சாயாமல் பின்னுக்கு வைத்திருக்க வேண்டும். நிற்கும்போது இருக்கையை விட்டிறங்கி ஒற்றைக்கால் ஊன்ற வேண்டும். நானும் அவரோடுதான் இவற்றைக் கண்டுகொண்டேன். முதலில் அவர் முன்சில்லையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். "சில்லைப் பார்த்தா சந்தி தெரியாது" என்று தானே திருத்திக்கொண்டார்.

மாரியில் ஒருநாள், வாவிக்கரை வீடொன்றில் ஒரு பெண்ணுக்குக் குறித்த நாளுக்கு முன்பே பிரசவ நோவு கண்டுவிட்டது. அம்புலன்ஸ் வரத் தாமதமாகும் என்றார்கள். கொட்டும் மழையில் மிஸ் சைக்கிளை எடுத்தார். மருந்துப் பையோடு நான் பின்னால் போனேன். கல்முனை வீதிச் சந்தியில் அவர் இறங்கவில்லை. வெகு முன்பாகவே பிரேக்கைப் பிடித்து, எனக்குக் கைகாட்டி, நிறுத்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒற்றைக்காலில் நின்றார். மழைக்குள்ளிருந்து ஒரு பஸ் எங்கள் முகத்தில் நீரடித்தபடி போனது.

"தம்பி, ஈரத்தில பிரேக் ஏன் பிந்திப் பிடிக்குது?"

"புறகு பார்ப்பம் மிஸ். புள்ள பிறந்திரும்."

பிறந்தேவிட்டது, அம்புலன்ஸ் வருமுன்பே. பெண்குழந்தை. தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றியிருந்ததாம். மிஸ் பதறாமல் எடுத்துவிட்டார். மறுநாள் அவர் ஒரு வாளித் தண்ணீரோடு பின்வளவுக்கு வந்தார். சில்லை நனைத்து நனைத்துச் சுற்றிப் பார்த்தோம். பிரேக் கட்டை முதலில் தண்ணீரைத் துடைக்கிறது, பிறகுதான் பிடிக்கிறது. அதைக் கண்டதும் மிஸ் சிரித்த சிரிப்பை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

கடைசியாகப் பார்க்கப் போனபோது அவரது கட்டிலை வாவி தெரியும் யன்னலோரம் போட்டிருந்தார்கள். ஒரு மீன்கொத்தி நீருக்கு மேலே, அந்தரத்தில், ஒரே இடத்தில் சிறகடித்து நின்றது.

"அது எப்படி அப்படியே நிக்குது?"

"தெரியா மிஸ்."

"பார்த்துச் சொல்லுங்க."

இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன் மிஸ். நீங்கள் போய் வாருங்கள்.