என் ஃபோனுக்கு எடுத்த இன்சூரன்ஸ்

ஆஸ்டின் டவுனில் முதன்முதலாக மொபைல் வாங்கியபோது, ஃபோனுக்கும் இன்சூரன்ஸ் உண்டு என்றார்கள். எனக்கே எடுத்துக்கொள்ளாத நான் அதற்கு எடுத்தேன். "நமக்கு ஜுரம்னா மாத்திரைக்கே யோசிக்கிறோம். இதுக்கு என்னா இவ்ளோ செல்லம்?" என்றாள் என் மனைவி.

எட்டாம் மாதம் ஃபோன் குளியலறை பக்கெட்டில் விழுந்து அணைந்துபோனது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். அந்த மாடல் இப்போது வருவதில்லை, மாற்றிக் கொடுத்தால் கலர் ஃபோன்தான் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அவளுக்கோ மனசு கேட்கவில்லை. ஃபோனைத் துணியில் சுற்றி, ஓடுகிற டிவியின் சூட்டில் மூன்று நாள் வைத்திருந்தாள்.

நான்காம் நாள் கடைக்கு எடுத்துப்போனேன். இன்சூரன்ஸ் ஆள் திருப்பித் திருப்பிப் பார்த்து, "சுத்தமா போயிடுச்சா சார்?" என்றார்.

"சுத்தமா."

அதையே பாரத்தில் எழுதிவிட்டு, ஒரு பேச்சுக்குப் பட்டனை அமுக்கினார். வெளிச்சம் வந்தது. கொஞ்ச நேரத்தில் மணியும் அடித்தது. வீட்டு ஃபோனிலிருந்து அவள்தான், கைப்பழக்கத்தில் என் நம்பருக்கே போட்டிருந்தாள்.

"என்னாங்க, ஃபோன் செத்துப்போச்சுன்னு ஒத்துக்கினாங்களா?"

அவள் குரல் கடை முழுக்கக் கேட்கும். அவர் பாரத்தை மெதுவாகக் கிழித்தார்.

"பொழச்சிக்கிச்சுன்னு மேடத்துக்கு சொல்லிடுங்க சார்."

அந்த ஃபோன் இன்னும் நான்கு வருஷம் ஓடியது. அப்புறம் கலர் ஃபோன் வாங்கும்போதும் இன்சூரன்ஸ் வேண்டுமா என்று கேட்டார்கள்.

"வேணாங்க, வீட்ல டிவி இருக்கு" என்றேன்.