எந்தக் கணக்கு என்று கேட்கப் போய்

இன்று ஒரு கணக்குத் திறக்க ஹட்டனில் வங்கிக்குப் போனேன். கொழும்பில் போர்டிங்கில் இருந்து படிக்கும் மகளுக்கு அவசரமென்றால் பணம் அன்றே போய்ச் சேர வேண்டும். இங்கே என் மரக்கறிச் செலவுக்கும் அதே கணக்கு உதவ வேண்டும்.

கவுண்டரில் என் பழைய மாணவி சாந்தி. சேமிப்புக் கணக்கு, நடைமுறைக் கணக்கு, கார்ட் என்று பொறுமையாக விளக்கினாள்.

"ரெண்டு கணக்கும் எக்ஸ்பிரஸ் பஸ், நின்று நின்று போகிற பஸ் மாதிரியா?" என்றேன்.

"நீங்க ரெண்டுலயும் ஒரே டிக்கெட்ல போகணும்ங்கிறீங்க சேர். சரி, சொன்னது விளங்குச்சுங்களா?"

தலையாட்டினேன்.

"உங்க வகுப்புல நாங்களும் இப்படித்தான் ஆட்டுவோம். எங்க, திருப்பிச் சொல்லுங்க பார்ப்போம்."

வரிசையே சிரித்தது. திருப்பிச் சொல்லத் தெரியாமல், கணக்குத் திறக்காமலே வந்துவிட்டேன். மகள் காத்திருக்கிறாள்.

நீங்கள் எந்தக் கணக்கு வைத்திருக்கிறீர்கள்? உதாரணத்தோடு எழுதுங்கள். திருப்பிச் சொல்ல மட்டும் சொல்லாதீர்கள்.